உபதேசியார் அப்பாவுக்கு முதல் வருட நினைவு: மலரும் கல்லறையும்

தங்கச்சிமடத்தான்:
வரும் பிப்ரவரியில் அப்பாவின் முதல் வருட நினைவுத் திருப்பலி. நாற்பது வருஷத்துக்கு மேல் உபதேசியார். சாமியார் (பங்குத்தந்தை) வர முடியாத ஞாயிறுகளில் கிளைக் கோயிலில் ஜெபம், அவஸ்தையில் (சாகக்) கிடப்பவர்களுக்கு ஜெப மந்திரம், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், வருஷா வருஷம் புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்கு நடைபயணம். 16 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போடலாம் என்று பார்த்தால், தேதியோடு ஒரு விவரமும் கையில் இல்லை. கல்லறையும் இன்னும் மணல் மேடுதான். எதில் தொடங்கலாம்?

கோயில்கணக்கு:
தம்பி, அப்பா பெயரில் ஆவணம் தேடினால் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம் என்று மூன்று வரிதான் கிடைக்கும். அவர் செய்த ஊழியம் மற்றவர்களுடைய பதிவில் இருக்கிறது. திருமணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். உபதேசியார்தான் பெரும்பாலும் ஒரு சாட்சி. ஞானஸ்நானப் பதிவேட்டில் 'கொடுத்தவர்' பத்தியைப் பாருங்கள். சாகக் கிடந்த குழந்தைக்கு அவர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அங்கே அவர் பெயர் வரும். பழைய பக்கமானால் ஓரத்தில் 'இன் பெரிக்குலோ மோர்த்திஸ்' என்றிருக்கும். மரண ஆபத்தில் என்று அர்த்தம். முதல் கையெழுத்தின் தேதிக்கும் கடைசிக் கையெழுத்தின் தேதிக்கும் இடைப்பட்டதே அவருடைய ஊழியக் காலம்.

பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பக்கங்களைப் போட்டோ எடுக்காதீர்கள், ஊரார் குடும்ப விவரம் அது. தேதியை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நம் சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்துக்கு மதுரையில் விசாரிக்க வேண்டும்.

தங்கச்சிமடத்தான்:
நன்றி அண்ணே. அப்பாவின் ஞானஸ்நானப் பெயர் இராயப்பன், 1940 வாக்கில். பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை என்கிறார்கள்.

கோயில்கணக்கு:
இருக்கும். அந்தக் காலத்துப் பதிவு லத்தீனில். இராயப்பன் அங்கே 'பேத்ருஸ்'. சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்', யாகப்பன் 'யாக்கோபுஸ்'. தாத்தா பெயரையும் ஞானப் பெற்றோர் பெயரையும் இப்படி மாற்றி வைத்துக்கொண்டு, பிறந்ததாகச் சொல்லும் வருஷத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷம் தேடச் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:
கல்லறைக்கு அவசரப்படாதீர்கள். நம் ஊர் மணல் மேடு ஒரு மழைக்காலத்திலாவது இறங்கிப் படிய வேண்டும். ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும், ஜனவரியில் வேலையைத் தொடங்குங்கள். முந்தினால் கல்லறை மேடை ஒரு பக்கம் சாய்ந்து நடுவில் வெடிக்கும்.

கடல் மணலும் உவர்த் தண்ணீரும் கலவையில் சேரவே கூடாது. 'கொஞ்சம்தானே' என்பார் கொத்தனார், விடாதீர்கள். பூச்சில் உப்புப் பூக்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி போட்டே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் இரண்டு அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். என் கணக்கில் இவ்வளவு சின்ன மேடைக்குக் கம்பியே வேண்டாம்.

மேலே கறுப்பு கிரானைட், முக்கால் அங்குலக் கனம். பளிங்கு இந்தக் காற்றில் சீக்கிரமே மங்கிவிடும். சிலுவையும் கல்லிலேயே இருக்கட்டும். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், 304 கடலோரத்தில் பழுப்புக் கறை கட்டும். எழுத்தை வெட்டிச் செதுக்கச் சொல்லுங்கள், வெறும் பெயிண்ட் நிற்காது.

வெட்டுமுன் கல் அளவுக்கே தாளில் அச்செடுத்து மூன்று பேர் படிக்க வேண்டும். பட்டறைக் கணினியில் பழைய எழுத்துரு இருந்தால் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரியில் கொம்பும் காலும் இடம் மாறும். பிடிஎஃப் ஆகவே கொடுங்கள்.

அச்சுக்கூடம்:
16 பக்கம் சரியான அளவு. நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 'அன்பின் சிகரம், பாசத்தின் இமயம்' எல்லாம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் (வேண்டவே வேண்டாம் என்பேன், அத்தைமார் விடமாட்டார்கள்). எந்தக் கிளைக் கோயில், எந்த வருஷம், எந்தப் பாட்டு சொல்லிக்கொடுத்தார் என்று போடுங்கள். ஓரியூர் பற்றி எழுதும்போது தேதியைச் சரியாகப் போடுங்கள்: அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4, புனிதர் பட்டம் 1947.

பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து அப்படியே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். அவருடைய ஜெபக் குறிப்பு நோட்டு ஈரம் பட்டிருந்தால் வெயிலில் வைக்க வேண்டாம். நிழலில், தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் செருகி, மின்விசிறிக் காற்றில் காயட்டும்.