சிறார் கைதானால் தொண்டர் செய்ய வேண்டியவை: டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் தொண்டர்:
தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை கைதானால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் பூர்வாங்க விசாரணை நடக்க வேண்டும். வெள்ளி மாலை பிடித்தால் அது திங்கள் வரை போய்விடும். சின்னத் திருட்டு (2,500 ராண்டுக்கு மேற்படாதது) போன்ற குற்றமென்றால் பெற்றோர் கையில் ஒப்படைத்து நோட்டீஸோடு அனுப்பலாம். அம்மா அப்பாவை அன்றிரவே ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தால் பிள்ளை லாக்கப்பில் வாரக்கடைசியைக் கழிக்க வேண்டியதில்லை. நைட் ஷிஃப்டில் இருப்பவர்களுக்குப் போன் எட்டாது. வேலையிடத்துக்கே ஆள் போக வேண்டும்.

கையோடு பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக் கடிதம். 2022 ஆகஸ்டிலிருந்து 12 வயதுக்குக் கீழ் வழக்கே இல்லை. 12, 13 வயதென்றால், செய்ததன் தப்பு சரி புரியும் திறன் அந்தப் பிள்ளைக்கு இருந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வயதுக்குத் தாள் இல்லாத பிள்ளை பெரியவர்களோடு அடைபடும் ஆபத்து உண்டு.

பீனிக்ஸ் அக்கா:
அண்ணா சொன்னதோடு ஒன்று. பிடித்த ஜனங்கள் அடித்து "ஒத்துக்கோ" என்று மிரட்டினால் டைவர்ஷன் (வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே திருப்பிவிடுவது) வாசலே அடைபடலாம். பிள்ளை தானாகப் பொறுப்பேற்றால்தான் அது முடியும். ரோந்து போகும் நம் ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் நேரத்தோடு குறித்துப் புரொபேஷன் ஆபீசரிடம் (பிள்ளையின் நிலையை மதிப்பிடும் சமூகநல அதிகாரி) கொடுங்கள். வாக்குமூலம் நாம் எழுதவே கூடாது, சி.பி.எஃப். (போலீஸோடு சேர்ந்து இயங்கும் சமூகக் காவல் மன்றம்) உறுப்பினருக்கு விசாரிக்கும் அதிகாரம் கிடையாது.

வெருலம் தொண்டர்:
வழக்கை அப்படித் திருப்பிவிடும்போது குடும்பக் கூட்டத்துக்கு (பிள்ளை, பெற்றோர், பொருள் இழந்தவர் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது) உத்தரவானால் 21 நாளுக்குள் கூட்ட வேண்டும். பிள்ளை வசிக்கும் இடத்து ஆள் ஒருவரையும் அதற்கு அழைக்கச் சட்டத்தில் இடமுண்டு. தொண்டருக்கு அதுதான் முறையான நாற்காலி, விடாதீர்கள்.

கூட்டம் பெரும்பாலும் கெடுவது பணத்தில். பொருளைப் பறிகொடுத்தவர் முழு விலை கேட்பார், வெட்கத்தில் அப்பா தலையாட்டுவார், இரண்டாவது தவணையிலேயே நின்றுவிடும். உத்தரவை நிறைவேற்றாவிட்டால் வழக்கு திரும்பவும் நீதிமன்றம் ஏறலாம். அதனால் வீட்டு வருமானத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, கட்டக்கூடிய தொகையை மட்டும் எழுத வையுங்கள். மீதிக்குக் கடையிலோ வீட்டிலோ சனிக்கிழமை வேலை என்று பேசலாம், ஆனால் பள்ளி நேரத்தைத் தொடாமல். பொருள் இழந்தவரிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசுங்கள். அவர் கோபம் முதல்முறையாக அந்த அறையில் வெடித்தால் பிள்ளை வாயைத் திறக்காது.