பெரிய வீட்டுக் குழு: டியாகோ கார்சியாவும் வாழை இலையும்

நிலா: பெரியப்பா, நாளைக்கு காலேஜ்ல விவாதம். இந்தியப் பெருங்கடல்ல இருக்கற சாகோஸ் தீவுகளை பிரிட்டன் மொரீஷியஸுக்குக் கொடுக்கறது பத்தி. நான் பிரிட்டன் பக்கம். அமெரிக்கா ஆதரவை எப்படி வாங்கறதுன்னு 4 நிமிஷம் பேசணும் 😭

மணி சித்தப்பா: டியாகோ கார்சியாவை இந்தியா வாங்கிவிட்டது!! அனைவருக்கும் பகிரவும் 🇮🇳🇮🇳

கவின்: சித்தப்பா 🤦

பெரியப்பா: மணி, அதை அழிடா. 2025 மே 22 ஒப்பந்தம் பிரிட்டனுக்கும் மொரீஷியஸுக்கும். இறையாண்மை மொரீஷியஸுக்கு, அதுல ஒரு தீவான டியாகோ கார்சியாவுல இருக்கற பிரிட்டன்-அமெரிக்கா ராணுவத் தளம் மட்டும் 99 வருஷத்துக்கு பிரிட்டன் கையில. வாடகை வருஷத்துக்குச் சராசரியா 10.1 கோடி பவுண்ட். இந்தியா வரவேற்று அறிக்கை விட்டுச்சு, அவ்வளவுதான்.

மணி சித்தப்பா: ஆபீஸ் குரூப்ல வந்துச்சுண்ணே

சித்தி: சனிக்கிழமை திதிக்கு இலை எத்தனை சொல்லணும்?

நிலா: அமெரிக்கா அதுல கையெழுத்தே போடலையே? அவங்க தயவு எதுக்கு?

பெரியப்பா: அங்கதான் முடிச்சு. 1966 டிசம்பர் 30 அன்னிக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தத் தீவுகள் பத்தி குறிப்புப் பரிமாற்றம்னு ஒரு உடன்பாடு போட்டுச்சு. முதல் ஷரத்தே தீவு பிரிட்டன் இறையாண்மையில இருக்கும்கிறது. காலம் 50 வருஷம், நீட்டிப்பு 20, ஆக 2036 வரை. அதைத் திருத்தாம தீவைக் கொடுத்தா பழைய நண்பன்கிட்ட சொன்ன சொல் தவறின மாதிரி ஆயிடும். அப்புறம் அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டியது: தளத்தைச் சுத்தி 24 கடல் மைலுக்கு பிரிட்டன் சம்மதம் இல்லாம எதுவும் கட்டக்கூடாது, மத்த தீவுகள்ல அந்நியப் படை கூடாது. “சீனா வந்துரும்”னு கேட்டா இந்த ரெண்டையும் படிச்சுக் காட்டு.

கவின்: கொடுக்கவே மாட்டோம்னா என்ன ஆகும்?

பெரியப்பா: 2019 பிப்ரவரி 25ல உலக நீதிமன்றம் சாகோஸை பிரிட்டன் விட்டுடணும்னு கருத்து சொல்லிடுச்சு. மே மாசம் ஐ.நா. பொதுச் சபையில பிரிட்டன் வெளியேறணும்கிற தீர்மானத்துக்கு ஓட்டு 116க்கு 6, ஒதுங்கினது 56. அந்த 6ல பிரிட்டனும் அமெரிக்காவும் போக ஆஸ்திரேலியா, ஹங்கேரி, இஸ்ரேல், மாலத்தீவு. பிரான்ஸும் ஜெர்மனியும் ஒதுங்கிட்டாங்க. கூட்டாளிங்க அப்பவே நழுவியாச்சு.

ராதா அத்தை: படகுல போன இலங்கைத் தமிழ்ப் பிள்ளைங்க அங்கதானே மாட்டிக்கிட்டிருந்தாங்க?

கவின்: ஆமா அத்தை. 2021 அக்டோபர்ல இருந்து. 2024 டிசம்பர்ல பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க

சித்தி: இலை???

பெரியப்பா: நிலா, பிரிட்டன் சறுக்கினது காலக்கணக்குல. தீவைக் கொடுக்கறதா பிரிட்டனும் மொரீஷியஸும் விட்ட கூட்டறிக்கை 2024 அக்டோபர் 3. பைடன் அன்னிக்கே வரவேற்றார். அடுத்த மாசமே அமெரிக்காவுல டிரம்ப், மொரீஷியஸ்ல ராம்கூலம் ஜெயிச்சாங்க. ரெண்டு பக்கமும் முதல்ல இருந்து பேச வேண்டியதாச்சு. 2025 பிப்ரவரியில டிரம்ப் சரிங்கற மாதிரி பேசினார். 2026 ஜனவரியில பெரிய முட்டாள்தனம்னு பதிவு போட்டார். அதனால பாராட்டு அறிக்கையை நம்பாதே. 1966 உடன்பாட்டுத் திருத்தத்தை எழுத்துல முதல்ல வாங்கணும்னு பேசு.

ராதா அத்தை: கிணத்தடி நிலத்துக்கும் ஒருத்தர் “நான் இருக்கேன்க்கா”ன்னு வாயாலதான் சொன்னார்

மணி சித்தப்பா: அக்கா இப்ப எதுக்கு அது

ராதா அத்தை: சும்மா சொன்னேன் 🙂

நிலா: எதிரணி எங்க அடிப்பாங்க பெரியப்பா?

பெரியப்பா: சாகோஸ் மக்கள். 1968ல இருந்து 73க்குள்ள எல்லாரையும் வெளியேத்தினாங்க. இந்தப் பேச்சுவார்த்தையிலயும் அவங்களுக்கு நாற்காலி இல்ல. கையெழுத்து அன்னிக்குக் காலையில கோர்ட் தடையால சில மணி நேரம் நின்னுச்சு. அதுக்கு உன்கிட்ட நல்ல பதில் கிடையாது, சுத்தி வளைக்காதே.

நிலா: 🙏🙏 4 நிமிஷத்துல இவ்வளவுமா

சித்தி: 40 இலை சொல்லிடறேன்

மணி சித்தப்பா: 60 சொல்லு, மதுரைக்காரங்க வந்தா?

சித்தி: வர்றாங்களா இல்லையா, யாராவது போன் பண்ணீங்களா?