ஒப்ரெகோன் பதவிக்காலம் 1924-லயே முடிஞ்சதே, அப்புறம் 1928-ல எப்படி?

தேனிக்காரன்:
மெக்சிகோ புரட்சி பத்திப் படிச்சிட்டு இருக்கேன். ஆல்வரோ ஒப்ரெகோன் 1920 முதல் 1924 வரை அதிபர். அடுத்து காயெஸ். ஆனா 1928 ஜூலையில ஒப்ரெகோனைச் சுட்டப்போ அவர் 'தேர்வான அதிபர்'னு போட்டிருக்கு. "மறுதேர்தல் கூடாது"ன்னுதானே 1910-ல மதேரோ எழுச்சியே தொடங்கினார்? யாராவது விளக்குங்களேன்.

மணிமாறன்:
சட்டத்தை மாத்திட்டாங்க. 1917 அரசியல் சட்டத்துல ஒருத்தர் ஒரு தடவைதான். 1927-ல, 'தொடர்ச்சியா இல்லாட்டி மறுபடி நிக்கலாம்'னு திருத்தினாங்க.

பழைய பயணி:
தம்பி, நான் வேலை விஷயமா ரெண்டு வருஷம் மெக்சிகோ நகரத்துல இருந்தேன். சான் ஆங்ஹெல் பகுதியில ஒப்ரெகோனுக்குக் கல்லால பெரிய நினைவுச்சின்னம் இருக்கு. அவரைச் சுட்ட லா பொம்பியா உணவகம் இருந்த இடம் அதுதான். துண்டான அவரோட வலது கையை ஜாடியில போட்டு அங்கேதான் வச்சிருந்தாங்க. 1989-லதான் எடுத்து எரிச்சாங்க.

சொனோரா மாநிலத்துல கொண்டைக்கடலை போட்ட விவசாயி அவர். அந்த விவசாயத்துக்குத் தானே ஒரு கருவி செஞ்சவர். மதேரோ எழுச்சியில சேரல, 1912-லதான் படை திரட்டினார். 1915 ஏப்ரல், செலாயா ஊர்ல சண்டை. எதிரணிப் புரட்சித் தளபதி பாஞ்சோ வீயாவோட குதிரைப்படை பாஞ்சு வருது. இவர் பதுங்குகுழி வெட்டி, முள்கம்பி கட்டி, இயந்திரத் துப்பாக்கியோட காத்திருந்தார். வீயா அதுக்கப்புறம் பழைய பலத்துக்கு வரவே இல்ல. ஜூன் மாசம் லியோன் பக்கத்துல குண்டு வெடிச்சுக் கை போச்சு. வலி தாங்காம இடது கையால கைத்துப்பாக்கியை எடுத்து நெத்தியில வச்சு அழுத்தினார். வெடிக்கல. துடைச்சு வைக்கும்போது உதவியாளர் தோட்டாவை எடுத்திருந்தார்.

அதிபரானதும் கல்வி அமைச்சர் வாஸ்கொன்சேலோஸை வச்சுக் கிராமம் கிராமமாப் பள்ளிக்கூடம் திறந்தார். அந்த நாலு வருஷத்தை நான் இப்பவும் மதிக்கிறேன்.

ஆனா 1927-ல சட்டம் மாறினதும் தேர்தல்ல அவரை எதிர்த்து நின்னது பிரான்சிஸ்கோ செர்ரானோ. செலாயாவுல கூடவே இருந்த நெருங்கின தோழன். அக்டோபர் 3-ந்தேதி உயிட்சிலாக்ல, குவெர்னவாகா ரோட்டோரமா, செர்ரானோவையும் கூட இருந்தவங்களையும் ராணுவம் சுட்டுக் கொன்னுது. அடுத்த மாசம் இன்னொரு வேட்பாளர் ஜெனரல் கோமஸையும் சுட்டாங்க. எதிர்த்து நிக்க ஆளே இல்லாம 1928 ஜூலை 1-ல ஜெயிச்சார். என்னைக் கேட்டா அவர் சரிஞ்சது அந்த ரோட்டுலதான்.

ஜூலை 17, மதிய விருந்து. ஹோசே தே லியோன் தோரால்னு ஒரு பையன், படம் வரையிறவன், மேசை மேசையாப் போய் வந்திருந்தவங்களை வரைஞ்சான். ஒப்ரெகோன் கிட்ட வந்து படத்தைக் காட்டினான். அவர் முகம் திருப்பிப் பாத்தார். சுட்டுட்டான்.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. அந்தப் பையனுக்கு என்ன கோபம்?

பழைய பயணி:
தீவிர கத்தோலிக்கன் தம்பி. காயெஸ் தேவாலயத்து மேல கெடுபிடி போட, 1926-லேர்ந்து கத்தோலிக்கர்கள் அரசை எதிர்த்து எழுந்த கிறிஸ்தேரோ போர் நடந்துட்டு இருந்துது. அதுக்கு ஒப்ரெகோனும் பொறுப்புன்னு நம்பினான். 1929 பிப்ரவரியில அவனைச் சுட்டாங்க.

மணிமாறன்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். 1933-ல அந்தத் திருத்தத்தையே நீக்கிட்டாங்க. ஆறு வருஷம், ஒரே தடவை. இன்னைக்கும் மெக்சிகோவுல அதிபருக்கு அதான்.