மறு: சல்லியா, பரலா, பருக்கையா? (அவசரம்)

வெள்ளவத்தையிலிருந்து:
அன்பர்களே, உயர்தரப் புவியியல் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆற்றுப் படிவுக் கற்களின் பெயர்களுக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும். அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வர்த் 1922இல் கற்களை விட்டப்படி வகுத்த அட்டவணை: 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை கிரனியூல், 64 வரை பெபிள், 256 வரை கொபிள், அதற்கு மேல் போல்டர். பெபிளுக்குக் கூழாங்கல், போல்டருக்குப் பாறாங்கல் போட்டுவிட்டேன். மற்ற இரண்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. கிரனியூலுக்குச் சல்லி சரிவருமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வேண்டாம் தம்பி. கொழும்புப் பிள்ளைக்குச் சல்லி என்றால் காசு. 'ஆறு சல்லியைக் கொண்டுவந்து சேர்க்கிறது' என்று வாசித்தால் வகுப்பே சிரிக்கும். அதோடு, சல்லி உடைத்த கல். ஆறு உருட்டிய கல்லுக்கு மூலை ஏது? கிறவலும் ஆகாது, அது வீதிக்குப் பரப்புவது.

தெஹிவளையிலிருந்து:
பரல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? பாலைப் பாட்டுகளில் காலை உறுத்துவது பரல். சிலம்புக்குள் கிடப்பதும் பரலே. ஆனால் இளங்கோ அங்கே வைத்த சொல் வேறு: பாண்டியன் சொல்வது 'முத்துடை அரி', கண்ணகி சொல்வது 'மணியுடை அரி'. அரிசியில் உள்ள அரியும் இதுதான் என்பது என் நெடுநாள் எண்ணம். அரித்தெடுப்பதால் அரி, சலித்தெடுப்பதால் சல்லி! ஆக, அரி என்றே வைக்கலாம்.

வெள்ளவத்தையிலிருந்து:
ஐயா, அரி என்றால் பிள்ளைகள் பெருமாளைத்தான் நினைப்பார்கள்.

வத்தளையிலிருந்து:
இதைப் படிப்பிப்பவள் நான். கூழாங்கல் என்றால் பிள்ளைகளுக்கு, எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டும் சின்னக் கல். 64 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட ரெனிஸ் பந்தளவு, அதை வைத்துக் கொக்கான் வெட்டிப் பாருங்கள்! சரி, அதை அளவு சொல்லிச் சமாளிக்கலாம். கிரனியூலுக்குப் பருக்கை போதும். பருக்கைக்கல் என்று அகராதியிலும் உண்டு, சோற்றுப் பருக்கையைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ரீச்சர் சொல்வது சரி. கொபிளுக்குக் குண்டுக்கல் என்போமா?

வத்தளையிலிருந்து:
இந்த ஊரிலா? குண்டு வேண்டாம் அண்ணா. உருள்கல் என்று போடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
பருக்கைக்கு மூவர், பரலுக்கோ அரிக்கோ ஒருவர். உருள்கல்லை யாரும் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பும் இல்லைப்போல. பருக்கை, கூழாங்கல், உருள்கல், பாறாங்கல் என்று அனுப்புகிறேன்.

தெஹிவளையிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பருக்கை வேகவைத்தது, பரல் வேகாதது. அரி பற்றித் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.