லாஸ் பான்யோஸில் மாலை நான்கு மணிக்கு

பிலிப்பைன்ஸின் லகூனா மாகாணத்தில், லாஸ் பான்யோஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். 1960-இல் தொடங்கப்பட்டது, 1966-இல் ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் தரும் நெல் ரகம் வெளிவந்தது இங்கிருந்துதான். எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இதன் தலைமை இயக்குநராக இருந்தார். எனவே தமிழர்களுக்குப் புதிய ஊர் அல்ல. ஆனாலும் நம்மவர்களில் பலர் விடுதிச் சோற்றையும் கையோடு கொண்டுவந்த ஊறுகாயையும் தாண்டாமலே ஊர் திரும்புகிறார்கள். அது எனக்குத் தீராத மனத்தாங்கல்.

எங்கள் ஆய்வகத்தில் மாலை நான்கு மணி ஆனால் யாராவது ஒருவர் "மெரியெண்டா!" (சிற்றுண்டி நேரம்) என்று குரல் கொடுப்பார். வயலிலிருந்து வந்தவர்கள் சேற்றுக் காலணியைக் கழற்றிவிட்டுக் கிளம்புவார்கள். வளாகத்தில் ஓடும் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியில் ஏறிப் பல்கலைக்கழக வாசல் பக்கம் இறங்கினால் கரிப்புகை வாசனையே வழிகாட்டும்.

முதலில் இசாவ். கோழிக்குடலை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, திரும்பத் திரும்பக் கழுவி, வினிகரும் பிரிஞ்சி இலையும் மிளகும் சேர்த்து வேகவைத்து, மூங்கில் குச்சியில் வளைத்து வளைத்துக் கோத்துவிடுவார்கள். பிறகு கரி நெருப்பில் வாட்டல். சுத்தம் செய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. நல்ல கடையில் துளியும் கசக்காது. பக்கத்திலேயே உறைந்த ரத்தத்தைச் சதுரத் துண்டுகளாக்கிச் சுடுகிறார்கள், பெயர் பீட்டாமேக்ஸ். கோழிக்காலுக்கு அடிடாஸ் என்று பெயர். குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் உண்டு வளர்ந்த எனக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. புதிதாக இருந்தது வினிகர். வெங்காயம், பூண்டு, ஊசிமிளகாய் ஊறிய அந்தப் புளிப்பில் குச்சியை முக்கி எடுத்துக் கடித்தால் கரிந்த ஓரத்தின் கசப்பும் கொழுப்பும் காரமும் ஒன்றாக நாக்கில் இறங்கும். அந்த வினிகர் இல்லாமல் இசாவ் இல்லை.

மீன் உருண்டை வண்டியின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கொதிக்கும் எண்ணெயில் தட்டையாக விழும் உருண்டைகள் உப்பி மேலே மிதக்கும். நாமே குச்சியால் குத்தி எடுத்துக்கொள்ளலாம். தின்று முடித்தபின் எத்தனை என்று நாமே சொல்ல, கடைக்காரர் அந்தக் கணக்குக்குக் காசு வாங்கிக்கொள்வார். என் தோழி ஒருத்தி, எங்கள் மரபணு ஆய்வகத்துக்காரி, சத்தமாக எண்ணிக்கொண்டே தின்பாள். "குயா (அண்ணா), எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போய்விட்டது" என்று பாதி வழியில் திரும்பிப் போய்க் கொடுத்தும் வந்திருக்கிறாள். கடித்த குச்சியை எல்லோருக்கும் பொதுவான சாஸ் சட்டியில் மறுபடி முக்கக் கூடாது என்பதையும் அவள்தான் சொல்லித்தந்தாள். சாஸைத் தனிக் கோப்பையில் ஊற்றித் தரும்படி கேளுங்கள், தருவார்கள்.

பாலுட் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கும் மேல் அடைகாத்த வாத்து முட்டையை அவித்தது அது. லகூனா ஏரிக்கரை முழுக்க வாத்து வளர்ப்பு உண்டு, அதனால் இங்கே இது அன்றாடப் பண்டம். அகலமான முனையை மெல்லத் தட்டி உடைத்து முதலில் உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு உப்போ வினிகரோ போட்டு மீதியைத் தின்ன வேண்டும். அந்தச் சாறு அருமை, கொழுகொழுவென்ற கோழி ரசம் போல இருக்கும். ஆனால் இணையத்தில் இதை வைத்துச் சவால் விட்டு, கண்ணை மூடி, குமட்டுவதுபோல் நடித்துக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் கோபம் வருகிறது. வேலை முடிந்து பசியோடு நிற்கும் ஒருவரின் உணவு அது. உடன் வேலை செய்கிறவர்கள் அன்போடு நீட்டும்போது வேண்டாமென்றால் "வேண்டாம்" என்று சிரித்துச் சொல்லிவிடலாம், யாரும் வருந்தமாட்டார்கள். முகம் சுளித்தால்தான் வருந்துவார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. சபா வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு எண்ணெயில் புரட்டிக் குச்சியில் கோத்த பனானா கியூ, அதே முறையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. காலையில் தோளில் கம்பும் இருபுறமும் அலுமினிய வாளியுமாக வருகிறவரிடம் தாஹோ வாங்குங்கள்: இளஞ்சூடான சோயாப் பால்கட்டி, அதன்மேல் சர்க்கரைப் பாகு, ஜவ்வரிசி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மீன் உருண்டை பொரிக்கும் எண்ணெயிலேயே வேறு பண்டங்களும் பொரிவதுண்டு, ஆகவே பழமும் கிழங்கும் மட்டும் விற்கும் வண்டியாகப் பார்த்து நில்லுங்கள்.