எக்சோரா இலை மஞ்சளாகிறது. முன்வளவுக்கு என்ன மரம் பொருந்தும்? (வெள்ளவத்தை)

கடற்கரை ஒழுங்கை

வணக்கம். எங்கள் வீடு காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. மொத்தக் காணி 10 பேர்ச். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே, மேற்குப் பார்த்தபடி, 25 அடி நீளமும் 12 அடி அகலமுமாக ஒரு துண்டு நிலம். வீடு கட்டி முடித்த கையோடு மதிலோரமாக எக்சோரா ஒரு வரிசையும் அதற்கு அப்பால் செவ்வரத்தையும் நட்டோம். செவ்வரத்தை ஒருவாறு நிற்கிறது. எக்சோராவோ தளிர் விடும்போதே மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. கன்று வாங்கிய இடத்தில் டொலமைற் போடச் சொன்னார்கள். போட்டபின் இன்னும் வெளிறிவிட்டது.

இதோடு இன்னொரு கேள்வியும். நிழலுக்கு ஒரு மரம் வேண்டும். மகள் கொன்றை வேண்டும் என்கிறாள். அம்மாவுக்குச் சாமிக்கு வைக்கப் பூ வேண்டும். எனக்கு, எதிர் மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் வரவேற்பறை தெரியாமல் இருந்தால் போதும். கேற்றுக்கு மேலே மின்கம்பி போகிறது, மதிலடியில் வடிகால் கான். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பச்சைவிரல்

மஞ்சள் என்றால் பெரும்பாலும் மக்னீசியம் குறைவு. டொலமைற்றில் அது இருக்கிறது. பலன் தெரியக் கொஞ்சக் காலம் எடுக்கும். இன்னும் ஒரு பிடி போட்டுப் பாருங்கள்.

மண்வெட்டி

தயவுசெய்து போடாதீர்கள். மக்னீசியம் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலை. செடி பழைய இலையிலிருந்து அதை உறிஞ்சித் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. ஆகவே இரும்பு குறைந்தால் தளிர்தான் வெளிறும், நரம்பு பச்சையாக நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

மண்ணில் இரும்பே இல்லை என்பதல்ல இதன் பொருள். கொழும்பின் கபூக் (செம்பூராங்கல்) மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். ஆனால் மண்ணில் சுண்ணாம்பு ஏறிக் காரத்தன்மை கூடினால் அந்த இரும்பு வேருக்கு எட்டாது. எக்சோரா நம் நாட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய செடி. புளிப்பு மண்ணில் வளர்ந்து பழகியது. டொலமைற்றும் சுண்ணாம்பு வகைதான், அதனால்தான் போட்டபின் மோசமானது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: வீடு கட்டி முடித்த கையோடு, மதிலோரமாக. மேசன்மார் மிஞ்சிய சாந்தையும் உடைந்த கல்லையும் எங்கே கொட்டுவார்கள்? மதிலடியில் கொட்டி, மேலே அரை அடி நல்ல மண்ணைப் பரப்பிவிட்டுப் போவார்கள். ஒரு அடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதன் மேல் வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

தெஹிவளை நானா

மண்வெட்டி சொல்வது சரி. என் பங்குக்கு ஒன்று: உப்புக் காற்றை மறந்துவிடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே உங்கள் வளவுக்குள் வரும். கடலைப் பார்த்த பக்கத்து இலைகளின் ஓரம் மட்டும் கருகினால் அது நோயல்ல, உப்பு. மழையில்லாமல் காற்று மட்டும் வீசும் நாட்களில் மாலையில் குழாய்த் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். கிணற்று நீர் கொஞ்சமாவது உப்புக் கரித்தால் அதை ஊற்ற வேண்டாம்.

உப்பும் சுண்ணாம்பும் ஒரே இடத்தில் இருந்தால் செடி தெரிவு செய்வது உண்மையில் எளிதாகிவிடுகிறது. பட்டியலில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

கடற்கரை ஒழுங்கை

நன்றி அண்ணா, நானா. வினாகிரி ஊற்றினேன், சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைத்தது. தோண்டியபோது சாந்துக் கட்டியும் ஓட்டுத் துண்டும் வந்தன. இலை ஓரக் கருகலும் இருக்கிறது, கடற்பக்கத்தில் மட்டும். எக்சோராவைக் காப்பாற்ற முடியுமா? மரத்துக்கு எதைப் பார்க்கலாம்?

மண்வெட்டி

எக்சோராவுக்கு உடனடி உதவி: இரும்புச் சல்பேற், லீற்றருக்கு 5 கிராம், மாலையில் இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் ஊற்றினால் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதிலிலும் தரை ஓட்டிலும் படாமல் பாருங்கள், துருக்கறை பிடித்தால் போகாது. தளிர் பச்சையாகும். ஆனால் விட்டால் திரும்ப மஞ்சள்தான். ஆயுள் முழுவதும் தெளித்துக்கொண்டிருக்கப் போகிறீர்களா? என்னைக் கேட்டால், இரண்டு நல்ல கன்றுகளை மட்டும் கிளப்பிப் பெரிய மண் சாடிக்கு மாற்றுங்கள். கபூக் மண், கூட்டெரு, கொஞ்சம் தும்புச்சோறு. சீமெந்துச் சாடி வேண்டாம். அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். சாடியைக் காற்றுப் படாத பக்கமாக வையுங்கள்.

மரம் என்றால் தேமாதான் என் முதல் தெரிவு. உப்பையும் சுண்ணாம்பையும் தாங்கும். 15, 20 அடியோடு நிற்கும். மதிலைப் பெயர்க்கும் வேரல்ல. சாமிக்குப் பூவும் ஆயிற்று. வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும், ஆகவே ஒரு அடி மேடு கட்டி நடுங்கள். மழைக்காலத்தில் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரியும், துரு நோய். பார்க்க அசிங்கமாக இருக்கும், மரம் சாகாது. விழுந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்தினால் போதும்.

பச்சைவிரல்

பிள்ளைக்குக் கொன்றை வேண்டும் என்றால் வைத்துக் கொடுங்களேன். சித்திரைக்குப் பூத்தால் எவ்வளவு அழகு.

மண்வெட்டி

அழகுதான். 30 அடிக்கு மேல் போகும் மரத்தை 12 அடித் துண்டில் வைத்து, மின்கம்பிக்காக வருடாவருடம் தலையை வெட்டினால் அந்த அழகு எங்கே மிஞ்சும்? நாற்றுமேடையில் எல்லாக் கன்றும் முழங்கால் உயரம்தான். வாங்குமுன் வளர்ந்த மரத்தைப் பாருங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனாலே ஒரு மரம் எவ்வளவு இடம் கேட்கும் என்று தெரியும். நேரமிருந்தால் கம்பஹா ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கும் போய்வாருங்கள். 1876இல் ஆசியாவின் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட இடம், பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

மஞ்சள் பூதான் மகளின் ஆசை என்றால் டெக்கோமா வையுங்கள். மணிமணியாகப் பூக்கும், வெட்டினால் அடங்கும், சுண்ணாம்பு மண்ணைப் பற்றிக் கவலைப்படாது.

மல்லிகைப் பந்தல்

தங்கச்சி, மறைப்புக்கு என்று ஃபைக்கஸ் வேலி வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். அதன் வேர் ஈரம் தேடிக் கானுக்குள் போகும். அலரியும் வேண்டாம். உப்புக்கு அதைப்போல் தாங்கும் செடி குறைவுதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீடு. மஞ்சள் அலரியின் விதை அதைவிடப் பொல்லாதது. தேமாவை வெட்டும்போது வரும் பாலும் தோலில் பட்டால் அரிக்கும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வேலிக்குச் சங்கங்குப்பி பாருங்கள். கடற்கரையில் தானாக வளர்வது. கத்தரிக்கக் கத்தரிக்க அடர்ந்து வரும், சின்ன வெள்ளைப் பூ. நாற்றுமேடைக்காரர் இதைச் செடியாகவே மதிக்க மாட்டார். தண்டு வெட்டி ஊன்றினாலே பிடிக்கும். அதற்கு முன்னால் காகிதப்பூ. வீட்டுச் சுவரின் மறைவில் அம்மாவுக்கு ஒரு பவளமல்லி. அது உப்புக் காற்றுக்கு முகம் கொடுக்காது, அதனால்தான் மறைவில். விடியற்காலையில் கீழே உதிர்ந்த பூவை அப்படியே எடுத்துச் சாமிக்கு வைக்கலாம். மற்றப் பூக்களுக்கு இல்லாத சலுகை அதற்கு மட்டும் உண்டு.

செவ்வரத்தையில் வெள்ளை மாவு மாதிரிப் படிந்தால் மாவுப்பூச்சி. கூடிப்போன கொப்பை வெட்டி எரித்துவிடுங்கள்.

தெஹிவளை நானா

சாடி வைத்தால் அடித்தட்டு வைக்காதீர்கள், அல்லது மணல் நிரப்புங்கள். இலைக்கவட்டில் தண்ணீர் தேக்கும் புரோமீலியாட் வகையும் வேண்டாம். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் போதும்; 2007இன் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வளவுக்காரர்தான் பொறுப்பு.

கடற்கரை ஒழுங்கை

தேமா, டெக்கோமா, சங்கங்குப்பி, பவளமல்லி என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். பத்தரமுல்லையில் செடி விற்கும் தியத உயனவில் கன்றுகள் பார்க்கப் போகிறோம். இரண்டு கேள்வி: எப்போது நடுவது? பின்வளவில் நிற்கும் ஈரப்பலா வெயிலை மறைக்கிறது, வெட்டிவிட்டால் பவளமல்லியை அங்கே வைக்கலாமா?

மண்வெட்டி

ஈரப்பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதி எடுக்க வேண்டும். பவளமல்லிக்கு அரை நிழல் போதும், மரம் நிற்கட்டும்.

நடுவதை ஒக்டோபருக்குத் தள்ளுங்கள். அப்போது மழை மாலையில் கிடைக்கும், கடற்காற்றும் தணிந்திருக்கும். அடுத்த மே வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அதுவரை செய்ய வேண்டிய வேலை சாந்தை அள்ளுவது. தேமா வரும் இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி, இரண்டடி ஆழம். சங்கங்குப்பி வரிசையில் ஒரு அடி ஆழம் போதும். மதில் அத்திவாரத்தை ஒட்டித் தோண்ட வேண்டாம், இரண்டடி விலகியே வெட்டுங்கள்.

கடற்கரை ஒழுங்கை

அள்ளும் சாந்தை எங்கே போடுவது?

மண்வெட்டி

கேற் வழியில் பள்ளம் இருந்தால் அங்கே நிரவி மேலே கல் பதியுங்கள். பவளமல்லிப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.