ரெசிடென்ட்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம். பொது மருத்துவத் துறையில் ரெசிடென்ட்களின், அதாவது மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர்களின், பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வார்டில் மாணவர்கள் கூடவே இருந்து அதிகம் சொல்லிக்கொடுப்பவர்கள் இவர்கள்தான். ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

போன வாரம் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மூச்சுத்திணறலோடு வந்தவரைப் பற்றி ஒரு மாணவி சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துச் சிரை புடைத்திருப்பதை அவரே கண்டுபிடித்திருந்தார். முடிப்பதற்குள் ரெசிடென்ட், “ஹார்ட் ஃபெயிலியர், ஃப்யூரோசிமைடு போடணும்” என்று நோயையும் மருந்தையும் தானே சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். விடை சரிதான். அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டார்.

1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்ட ‘ஒரு நிமிட ஆசான்’ முறையிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதில் ஐந்து படிகள்: மாணவரையே ஒரு முடிவு சொல்ல வைப்பது, ஏன் என்று கேட்பது, பொது விதி ஒன்றைச் சொல்வது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது, தவறைத் திருத்துவது. முதல் இரண்டும்தான் கடினம் என்பது என் எண்ணம். பதில் தெரிந்தும் பொறுத்திருக்க வேண்டுமே.

இதை நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இரவு டியூட்டி முடித்துக் களைத்து வருபவர்களுக்கு அரைநாள் பட்டறை நல்லதா, வாரம் 20 நிமிடம் போதுமா? ஒருவரை மாணவராக நடிக்கவைத்துப் பழக்கியதுண்டா? அப்புறம், ரெசிடென்ட் கற்பித்தது எப்படி இருந்தது என்று கேட்டால் மாணவர்கள் பயந்துகொண்டு “நல்லா இருந்தது” என்று மட்டுமே சொல்கிறார்கள். மனம் திறந்து பேசவைக்க என்ன செய்தீர்கள்? புது பேட்ச் அடுத்த மாதம் வருகிறது.